99 வினாடிகள்

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து மலைக்காட்டில் ‘பார்க்லி மாரத்தான்’ என்னும் நெடுந்தொலைவு ஓட்டம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. போட்டியாளர்கள் ஐந்து சுற்றுகளில் ஏறத்தாழ 160 கிலோமீட்டரை 60 மணி நேரத்திற்குள் கடக்க வேண்டும். பாதையில் வழிகாட்டும் அடையாளங்கள் இரா. வரைபடமும் திசைகாட்டியுமே துணை. வழியில் ஆங்காங்கே புத்தகங்கள் வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருவரும் தம் எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்து வந்து காட்டினால்தான் அந்தச் சுற்று கணக்கில் சேரும். ஏறும் உயரத்தைக் கூட்டினால், அது எவரெஸ்ட் சிகரத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்காகும்!

1986இல் தொடங்கிய இப்போட்டியில், 2023 வரை எந்தப் பெண்ணும் ஐந்து சுற்றுகளையும் முடித்ததில்லை. பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஜாஸ்மின் பாரிஸ் 2022, 2023ஆம் ஆண்டுகளில் முயன்றார், இயலவில்லை. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான அவர், வேலைக்கும் குடும்பத்திற்கும் இடையே பயிற்சியைத் தொடர்ந்தார்.

2024 மார்ச்சில் மூன்றாம் முறையாகக் களமிறங்கினார். 59 மணி 58 நிமிடம் 21 வினாடியில் இறுதி எல்லையான மஞ்சள் வாயிற்கதவைத் தொட்டு, அங்கேயே சரிந்தார். எஞ்சியிருந்தவை 99 வினாடிகளே!

இரண்டரை நாள் ஓட்டத்தில் எங்கேனும் இரண்டு நிமிடம் கூடுதலாக அமர்ந்திருந்தாலும், அவ்வெற்றி கைநழுவியிருக்கும். ‘இரண்டு நிமிடம்தானே!’ என்று நாம் சொல்லும்போது, இதை நினைத்துப் பார்க்கலாம் அல்லவா?