"ஃபேனும் நின்னுச்சா டீச்சர்?"

பாளையம்பட்டிப் பக்கம் தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? நாளைக்கு மூன்றாம் வகுப்பில் இரண்டே வரியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: விசைத்தறிச் சத்தம் சட்டென்று நின்றது. பாட்டி விழித்துக்கொண்டாள்.

சத்தம் ஏன் நின்றது? கதையில் பதில் இல்லை. "கரண்ட் போயிருக்கும்" என்பான் ஒருவன். "இழை அறுந்திருக்கும்" என்பாள் தறி ஓடும் வீட்டுப் பிள்ளை. "தறிக்குச் சிறகு முளைச்சிருச்சு" என்று ஒரு வாலு கத்துவான், அதட்ட வேண்டாம். மூன்று பேரிடமும் ஒரே கேள்விதான்: "எதை வச்சுச் சொல்ற?" இதற்குப் பழகிய வகுப்பில் யாராவது உங்களையே திருப்பிக் கேட்பார்கள்: "ஃபேனும் நின்னுச்சா டீச்சர்?" அப்போது மூன்றாவது வரியை எழுதுங்கள்: மேலே ஃபேனும் சுற்றவில்லை. இழைக் கட்சி தானாகக் கையை இறக்கிவிடும். சும்மா அடித்துவிடுவது வேறு, ஊகிப்பது வேறு என்பது அங்கேயே விளங்கிவிடும்.

பாட்டி ஏன் விழித்தாள் என்பதையும் கேளுங்கள். சத்தம் கேட்டு விழிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சத்தம் நின்றால் விழிப்பவர்களைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதான் பார்த்திருக்கும்.

இதில் பெரிய விஷயம் இருக்கிறது: ஏற்கெனவே தெரிந்ததை வைத்துத்தான் பிள்ளை ஊகிக்கிறது. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய பகுதி ஒன்றைக் கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களை, திக்கித் திக்கி வாசித்தாலும் ஆட்டம் தெரிந்தவர்கள் மிஞ்சிவிட்டார்கள். ஆகவே கடல் கதையோ பனிக் கதையோ எடுக்கும் நாளில் முதல் ஐந்து நிமிடம் கடலையும் பனியையும் பேசுங்கள். கண்மாயை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அலை பிடிபடாததை 'புரிதல் குறைவு' என்று பதிவேட்டில் எழுதுவது அநியாயம்.

தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் போகின்றன. 'நுழை'யில் படமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். படத்தைக் கையால் மூடிக்கொண்டு வரியை மட்டும் முதலில் வாசியுங்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு நீங்களே வாசித்துக் காட்டலாம். ஊகிக்க எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டதும் நீங்களே பதிலைச் சொல்லிவிடுகிறீர்களா? நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களிலேயே கணக்கெடுத்தார். மூன்று நொடி பொறுத்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது. மனசுக்குள் மூன்று எண்ணுங்கள்.

பள்ளிப் பார்வைக்கு வரும் அலுவலர் நோட்டைக் கேட்பார், அதுவும் நியாயம். பதிலுக்கு ஒரு வரி, 'ஏனென்றால்' என்று தொடங்கி இன்னொரு வரி எழுத வையுங்கள். டிக் போடுவது இரண்டாவது வரிக்கு.