கணினிகளுக்கும் ஒரு பெரட்டு

ரப்பருக்கும் செம்பனைக்கும் பெயர்பெற்ற கூலாய் மாவட்டத்தில் இன்று தரவு மையங்கள் எழுந்து வருகின்றன. செடெனாக் தொழில்நுட்பப் பூங்கா இம்மாவட்டத்தில்தான் உள்ளது. கூலாய் யங் தோட்ட நிலத்தில் ஒய்.டி.எல். நிறுவனம் 500 மெகாவாட் மின்திறனுக்குத் திட்டமிட்ட வளாகமொன்றை அமைத்து வருகிறது. கைத்தொலைபேசி வழியே நாம் பணம் செலுத்தும்போது, அவ்வேலையை முடித்துத் தருபவை இத்தகைய மையங்களிலுள்ள கணினிகளே. அவற்றை 'வழங்கிகள்' என்பர்.

பெரிய மையமொன்றில் வழங்கிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இணைப்புப் பொறிகளும் மின்கலங்களும் குளிரூட்டும் பொறிகளும் அவற்றோடு இயங்கும். இவற்றின் நலத்தைக் கண்காணிப்புத் திரை ஓயாது காட்டிக்கொண்டிருக்கும். வெப்பம் மிகுந்தாலும், சேமிப்பிடம் நிறைந்தாலும், பொறி நின்றுபோனாலும் எச்சரிக்கை எழும். ஆனால், ஆயிரம் பெயர்களை ஒரே பட்டியலில் எழுதிவைத்தால் எவராலும் அதைப் பார்த்து வேலை செய்ய இயலாது. ஆகவே அவற்றைக் குழுக்களாகப் பிரிக்கின்றனர்.

இம்முறை தோட்ட மக்களுக்குப் புதிதன்று. காலைப் பெரட்டில் இன்னார்க்கு இன்ன நிரை என்று வகுத்துவிட்டால், வெட்டப்படாத நிரை எது, அதற்குப் பொறுப்பானவர் யார் என்பது உடனே விளங்கும்.

பிரிக்கும் முறைகள்

முதலாவது, இடத்தைக் கொண்டு பிரித்தல். ஒரே கூடத்திலுள்ள பொறிகள் ஒரு குழுவாகும். அக்கூடத்தின் குளிரூட்டி பழுதானால், வெப்பம் ஏறும் பொறிகளெல்லாம் ஒரே குழுவில் தென்படும். காரணமும் எளிதில் புலப்படும்.

இரண்டாவது, வேலையைக் கொண்டு பிரித்தல். பணப் பரிமாற்றத்திற்கான வழங்கிகள் ஒரு குழு. மின்னஞ்சலுக்கானவை மற்றொரு குழு.

மூன்றாவது, பொறுப்பைக் கொண்டு பிரித்தல். பழுதைச் சீர்செய்ய வேண்டியவர் எவரோ, அவருக்கே எச்சரிக்கை சென்று சேர இது உதவும்.

ஒரே வழங்கி இம்மூன்று குழுக்களிலும் இடம்பெறலாம். உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கையால் சேர்ப்பதும் உண்டு. "இப்பெயரில் தொடங்குவன யாவும் இக்குழுவைச் சேரும்" என விதி வகுத்துத் தானாகச் சேரச் செய்வதும் உண்டு.

குழுவோடு சார்பு உறவையும் குறிப்பது நன்று. ஓர் இணைப்புப் பொறி நின்றால், அதன் பின்னுள்ள நாற்பது வழங்கிகளும் நின்றவைபோல் தோன்றும். 1999-ஆம் ஆண்டு தோன்றிய நாகியோஸ் மென்பொருள், உண்மையில் நின்றுபோன பொறியையும், வழி அடைபட்டதால் எட்ட இயலாத பொறியையும் வேறுபடுத்திக் காட்டும். அதனால் நாற்பது இடங்களுக்கு ஓடாமல், பழுதுற்ற ஓரிடத்திற்கே செல்லலாம்.

கவனிக்க வேண்டியது

சாபிக்ஸ் என்னும் இலவச மென்பொருளில், கண்காணிக்கப்படும் ஒவ்வொரு பொறியும் குறைந்தது ஒரு குழுவிலேனும் இருந்தாக வேண்டும். அக்குழுவைப் பார்க்க உரிமை பெற்றவருக்கே எச்சரிக்கை செல்லும். எனவே, புதிய வழங்கியைத் தவறான குழுவில் சேர்த்தால், எச்சரிக்கை எழுந்தும் உரியவரின் காதில் விழாது. விதியைப் பின்பற்றாத ஒரு பெயரும் இதே கேட்டை விளைவிக்கும். மருத்துவமனையின் பதிவேடோ, தொழிலாளியின் சம்பளக் கணக்கோ அந்த வழங்கியில் இருந்தால், இழப்பு பொதுமக்களுக்கே. ஆகவே, பொறிகளைச் சேர்க்கும்போதும் நீக்கும்போதும் குழுப் பட்டியலைச் சரிபார்ப்பது இத்தொழிலின் முதற்கடமையாகும்.

இளைஞர்கள் கருத்திற்கு

தோட்ட நிலத்தில் எழும் மையங்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் இடம்பெற வேண்டும். காவலுக்கும் துப்புரவுக்கும் மட்டுமன்றி, கண்காணிப்புத் திரையின் முன் அமரவும் அவர்கள் தகுதி பெறுதல் வேண்டும். மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் சமூகக் கல்லூரிகளிலும் கணினித் துறைப் பயிற்சிகள் உள்ளன. மலேசியத் திறன் சான்றிதழும் பெறலாம். நாகியோஸ், சாபிக்ஸ் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பெற்று, பழைய கணினியிலேயே பழகலாம். இரண்டு கணினிகளைக் கொண்டு ஒரு குழு அமைத்து, ஒன்றை நிறுத்திப் பார்த்து, எச்சரிக்கை யாருக்குச் செல்கிறது என்று கவனிப்பதே இப்பாடத்தின் முதற்பயிற்சி.