வீழ்ந்த பகைவனை என் செய்வது?

ஜாதவ்பூரில் 8பி பேருந்து நிலையத்தை அடுத்த தெருவொன்றில், ஒரு வீட்டின் மொட்டைமாடியில் மாணவர் ஐவர் வட்டமாக அமர்ந்திருப்பதாகக் கருதுக. நடுவே ஒரு தாள். அதில் பென்சிலால் வரைந்த கோட்டை. ஒரு பக்கம் முறுக்குத் தட்டு, மறு பக்கம் ஜால்முடிப் பொட்டலம். மூன்று மாதங்களாக அவர்கள் துரத்தி வந்த கொடிய மந்திரவாதி அன்று மாலை வீழ்ந்தான். அவனது கோல் முறிந்தது. காவற்படை சிதறி ஓடியது. அவன் மண்டியிட்டு நிற்கிறான். "இனி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் வினவுகிறார். அதுவரை கூச்சலிட்டுக்கொண்டிருந்த நால்வரும் வாய் மூடுகின்றனர்.

அவர்கள் ஆடுவது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. இவ்வகையில் முதன்முதலில் அச்சில் வெளிவந்து புகழ்பெற்றது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதாகும். அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் அதனை 1974 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சதுரங்கத்தைப் போல இதில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதில்லை. ஒவ்வொருவரும் வீரனாகவோ மருத்துவத் துறவியாகவோ திருடனாகவோ வேடம் பூண்டு, வாயால் சொல்லிச் சொல்லியே கதையை நகர்த்துவர். ஐயத்திற்கு இடமான செயல்களை இருபது முகப் பகடை முடிவு செய்யும். வாள் வீச்சு பட்டதா, சுவரைத் தாண்ட முடிந்ததா, காவலன் பொய்யை நம்பினானா என்பனவற்றையெல்லாம் பகடையிடம் கேட்கலாம். வீழ்ந்தவனை என்ன செய்வது என்பதை மட்டும் பகடையிடம் கேட்க முடியாது.

2014 ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு நுட்பமான விதி உண்டு. கைக்கெட்டும் தொலைவில் நின்று இறுதி அடியை அடிப்பவர், பகைவனைக் கொல்லாமல் மயக்கமுறச் செய்யலாம். ஆயின் அந்த நொடியிலேயே அதனை அறிவித்துவிட வேண்டும். தொலைவிலிருந்து அம்பெய்தவருக்கு அவ்வுரிமை இல்லை. முகம் தெரியும் தொலைவில் நிற்பவருக்கே உயிர்ப்பிச்சை அளிக்கும் வாய்ப்பு என்று இதனைப் பொருள் கொள்வதில் தவறில்லை. விதியை எழுதியவர்கள் அவ்வளவு தூரம் எண்ணினார்களோ இல்லையோ!

மொட்டைமாடிக்குத் திரும்புவோர் அங்கே நான்கு கருத்துகளைக் கேட்பர். "மூன்று ஊர்களை எரித்தவன். கொல்வதே முறை" என்கிறான் வீரனாக ஆடுபவன். "சரணடைந்தவனை வெட்டினால் அவனுக்கும் நமக்கும் என்னடா வேறுபாடு?" என்று கேட்கிறாள் துறவியாக ஆடுபவள். திருடனுக்கோ பணயத்தொகையின் மேல் கண். நான்காமவள் மந்திரக்காரி, அவள் சொல்வதே எல்லாவற்றிலும் எளிதாகத் தோன்றுகிறது. "என்னிடம் ஒரு மந்திரம் இருக்கிறது. அவன் மனத்தையே மாற்றிவிடுகிறேன். நாளை முதல் நல்லவனாகிவிடுவான். யாரும் சாக வேண்டாம்."

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிய கேள்வியன்று. வீட்டுப் பூசையறையில் மாட்டியிருக்கும் முருகன் படத்திலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது. கச்சியப்ப சிவாச்சாரியார் இயற்றிய கந்தபுராணத்தில், போர் தொடங்குமுன் முருகன் வீரவாகுவைத் தூது விடுக்கிறான். சிறைப்பட்ட தேவர்களை விடுவித்தால் போர் வேண்டாம் என்பதே செய்தி. சூரபதுமன் இசையவில்லை. போர்க்களத்தில் முருகன் தன் பேருருவைக் காட்டியபோது அவன் மனம் சற்று நெகிழ்ந்தது. அவ்வுருவம் மறைந்ததும் பழைய பகைமை மீண்டது. முடிவில் கடல் நடுவே மாமரமாகி நின்ற அவனை வேல் இரு கூறாகப் பிளந்தது. ஒரு கூறு மயிலாயிற்று. மறு கூறு சேவலாயிற்று. மயில் ஊர்தியாகவும் சேவல் கொடியாகவும் அமைந்தன. ஆண்டுதோறும் கந்தசஷ்டியன்று திருச்செந்தூர்க் கடற்கரையில் திரளும் மக்கள் காண வருவது இந்தக் காட்சியைத்தான். வென்றவன் தோற்றவனைத் துரத்திவிடாமல் தன்னுடனேயே வைத்துக்கொண்டான் என்பது இதன் சிறப்பு.

எனினும் எல்லாக் கதைகளிலும் இரக்கம் இவ்வளவு இனிதாக முடிவதில்லை. கம்பராமாயணத்தில், முதல் நாட்போரில் தேரும் படைக்கலமும் இழந்து வெறுங்கையனாய் நின்ற இராவணனை இராமன் கொல்லவில்லை. அன்று திரும்பிச் சென்று மறுநாள் வருமாறு விடைகொடுக்கிறான். இப்பகுதியை மேடையில் பேசுவோர் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நிறுத்திக் கைதட்டல் பெறுவர். அடுத்து நிகழ்ந்தது என்ன? நகர் திரும்பிய இராவணன், உறங்கிக்கொண்டிருந்த கும்பகருணனை எழுப்பிக் களத்திற்கு அனுப்பினான். போர் நீண்டது, இரு தரப்பிலும் பலர் மடிந்தனர். உயிர்ப்பிச்சை அளிப்பதற்கும் விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் எப்போதும் அளித்தவராகவே இருப்பதில்லை. ஆயினும் புறமுதுகிட்டு ஓடுவார்மேல் வேலெறியாமையைப் பழந்தமிழர் வீரத்தின் ஒரு பகுதியாகவே எண்ணினர். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை இதற்குத் 'தழிஞ்சி' என்று தனிப் பெயரே தந்துள்ளது.

இனி மந்திரக்காரியின் யோசனை. அதனை ஆராய ஜாதவ்பூரை விட்டு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கொல்கத்தாவில் உருவான ஒரு திரைப்படமே போதும். சத்யஜித் ரே 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹீரக் ராஜார் தேஷே' என்பது அது. 'வைர மன்னனின் நாட்டில்' என்று பொருள். 1969 இல் வந்த 'கூபி காயேன் பாகா பாயேன்' படத்தின் தொடர்ச்சி. வங்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இவற்றை அறிமுகம் செய்வது கொல்லர் தெருவில் ஊசி விற்பது போலாகும்; எனினும் கதையின் முடிவு இங்கே தேவைப்படுகிறது.

வைர மன்னனாக உத்பல் தத் நடித்திருக்கிறார். அம்மன்னனிடம் ஓர் அறை உண்டு. எதிர்த்துப் பேசும் குடிகளை அவ்வறையில் அடைத்து, மன்னனைப் புகழும் அடிகளை இயந்திரத்தால் அவர்கள் மூளையில் ஏற்றுவர். வெளியே வரும்போது உழவன் தன் பசியை மறந்திருப்பான். சுரங்கத் தொழிலாளி தன் கூலியை மறந்திருப்பான். கற்றவர் அடங்கமாட்டார் என்பதால் மன்னன் பள்ளியை மூடுகிறான். நூல்களை எரிக்கச் செய்கிறான். பள்ளி ஆசிரியரான உதயன் பண்டிதராக சௌமித்ர சட்டர்ஜி நடித்தார். படத்தில் ஏறத்தாழ எல்லோரும் எதுகை இயைந்த அடிகளில் பேச, அந்த ஆசிரியர் மட்டும் இயல்பான உரைநடையில் பேசுகிறார். சிந்தனை கட்டுப்படாதவர் அவரே என்று காட்ட ரே கையாண்ட உத்தி இது.

முடிவில் பாடகன் கூபி, மத்தளக்காரன் பாகா ஆகியோரின் துணையுடன் ஆசிரியரும் மாணவரும் வெல்கின்றனர். மன்னன் பிடிபடுகிறான். அவனை அவர்கள் கொல்லவில்லை, சிறையிலும் இடவில்லை. அவன் கட்டிய அதே அறைக்குள் அவனையும் அமைச்சர்களையும் அனுப்பி, அதே இயந்திரத்தை முடுக்குகின்றனர். வெளியே வந்த மன்னன் மக்களோடு மக்களாக ஓடிவந்து, கயிற்றைப் பற்றித் தன் சிலையைத் தானே இழுத்துக் கவிழ்க்கிறான். அரங்கில் சிரிப்பொலி எழும். தான் செய்த கருவியாலேயே கொடியவன் கட்டுண்டான் என்பதில் மனநிறைவும் உண்டு.

சிரித்து முடித்தபின் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வறை தீமையானது என்று படம் முழுவதும் சொல்லிவந்தவர் ஆசிரியரே. மனிதனின் மனத்தை அவனைக் கேளாமல் மாற்றுவது தவறென்றால், கொடியவனின் மனத்தை மாற்றுவது மட்டும் எவ்வாறு சரியாகும்? கயிற்றை இழுத்தவன் உண்மையில் யார்? திருந்திய மன்னனா, அல்லது மன்னனின் உடலைச் சுமந்த வேறொருவனா? அவன் தன் குற்றத்தை உணர்ந்து வருந்தவில்லை; வருந்துவதற்கு அவனிடம் பழைய மனமே எஞ்சவில்லை. நெஞ்சறிந்து திருந்திய ஒருவனும் திருத்தப்பட்ட ஒருவனும் ஒன்றல்லர். மறுபுறம், அந்த மன்னனால் பட்டினி கிடந்த உழவனிடம் இந்த நுட்பத்தைச் சொன்னால் அவன் கேட்பானா என்பதும் ஐயமே. அவனுக்கு வேண்டியது சோறும் அச்சமற்ற உறக்கமும். ரே தன் படத்தைக் குழந்தைகளுக்குரிய கதையாகவே அமைத்ததால் இவ்வழக்கை விசாரிக்காமல் விட்டார்.

தண்டிப்பவர் யார் என்பது வேறொரு கேள்வி. அது விளையாட்டாக இல்லாமல் மெய்யாகவே கொல்கத்தாவைச் சேர்ந்த ஒருவர் முன் வந்து நின்றது. அவர் ராதாபினோத் பால் (1886–1967). கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜப்பானின் தலைவர்களை விசாரிக்க 1946 இல் டோக்கியோவில் தொடங்கிய பன்னாட்டு நீதிமன்றத்தில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்தனர். அவர்களுள் இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர் பால். 1948 நவம்பரில் தீர்ப்பு வந்தது. குற்றவாளிகளென முடிவுசெய்யப்பட்ட இருபத்தைவரில் எழுவர் டிசம்பரில் தூக்கிலிடப்பட்டனர். பால் மட்டும், குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட வேண்டுமென ஆயிரம் பக்கங்களைக் கடந்த மாறுபட்ட தீர்ப்பை எழுதினார்.

ஜப்பானியப் படையினர் கொடுமை இழைக்கவில்லை என்று அவர் கூறவில்லை. கொடுமைகள் நிகழ்ந்ததற்குச் சான்று மிகுதி என்றே ஏற்றுக்கொண்டார். வென்றவர்கள் போருக்குப் பின் புதிதாய் ஒரு சட்டத்தை வகுத்து, தோற்றவர்மேல் மட்டும் அதனைச் செலுத்துவது நீதியாகாது என்பதே அவர் வாதம். அணுகுண்டு வீசியவர்களை எவரும் கூண்டில் ஏற்றவில்லை என்பதும் அவர் நினைவில் இருந்தது. இத்தீர்ப்பைப் போற்றுவோரும் உளர். கொல்லப்பட்ட எளிய மக்களுக்கு இதில் என்ன நீதி கிடைத்தது என்று கேட்போரும் உளர். பிற்காலத்தில் ஜப்பானில் சிலர், தம் நாடு தவறே செய்யவில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டினர். பால் எழுதியது அதுவன்று.

கொல்கத்தாவின் தெருக்களில் இக்கேள்விக்கு ஆண்டுதோறும் மற்றொரு விடையும் காணக் கிடைக்கிறது. துர்கா பூசையின் இறுதி நாளில், வழியனுப்பும் சடங்கின்போது பெண்கள் துர்க்கையின் வாயில் இனிப்பை வைப்பர். இலக்குமிக்கும் சரசுவதிக்கும் கணேசனுக்கும் கார்த்திகேயனுக்கும் வைப்பர். மார்பில் சூலம் பாய்ந்து கிடக்கும் மகிஷாசுரன் வாயிலும் ஒரு துண்டு இனிப்பை வைப்பதுண்டு. அவனைக் கொன்றதும் உண்மை. விருந்தில் அவனை விட்டுவிடாததும் உண்மை. இனிப்புடன் அவனும் ஆற்றில் இறங்குகிறான்.

மொட்டைமாடியில் இருட்டிவிட்டது. கீழிருந்து, "சாப்பிட வாங்கடா!" என்று ஓர் அம்மாவின் குரல். நால்வரும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. கதை நடத்துபவர் நல்லவராயின் இவ்விடத்தில் ஒன்று செய்வார். "எரிந்துபோன ஊரிலிருந்து ஒரு கிழவி கோட்டைக்குள் வருகிறாள். மண்டியிட்டிருப்பவனைப் பார்க்கிறாள். பிறகு உங்கள் நால்வரையும் பார்க்கிறாள்" என்பார். கிழவிக்கு வசனம் இனிமேல்தான் எழுத வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

பகடை – எண்கள் பொறித்த ஆட்டக்கருவி, தாயக்கட்டை
பணயத்தொகை – பிடிபட்டவரை விடுவிக்கக் கேட்கும் பணம்
ஊர்தி – ஏறிச் செல்வது, வாகனம்
இசைதல் – உடன்படுதல்
மாறுபட்ட தீர்ப்பு – பெரும்பான்மை நீதிபதிகளோடு உடன்படாத நீதிபதி தனியே எழுதும் தீர்ப்பு

பயிற்சி

1. எரிந்த ஊரின் கிழவி என்ன கூறுவாள்? பத்து வரிகளில் எழுதுக. அவள் பேச்சு உங்கள் பாட்டியின் பேச்சுத்தமிழில் அமையலாம்.

2. சூரபதுமன் மயிலானதும் வைர மன்னன் மனம் மாறியதும் ஒன்றா, வேறா? காரணம் காட்டுக.

3. இராவணனை அனுப்பிவிட்ட இராமனிடம், மறுநாள் போரில் மகனை இழந்த ஒரு தாய் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றினை எழுதுக. அதற்கு இராமன் கூறும் விடையையும் எழுதுக.

4. பால் எழுதிய தீர்ப்பை ஏற்று இருவரும் மறுத்து இருவரும் வகுப்பில் பேசுக. பேசி முடித்தபின் இடம் மாறி எதிர்த்தரப்பில் நின்று பேசுக.

5. 'திருந்தினான்', 'திருத்தப்பட்டான்' – இவ்விரு வினைகளின் வேறுபாட்டை விளக்குக. இவை போன்ற வினை இணைகள் மூன்றினை உங்கள் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்து எழுதுக.