சொல் தெரியும், பொருள் வேறு: ஆங்கில மரபுத்தொடர்கள்

வளைகுடாவில் ஓர் அலுவலகம். மேலாளர் நம் ஊர் இளைஞர் ஒருவரை அழைத்து, சற்றே தயங்கி, "வி ஹாவ் டு லெட் யூ கோ" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லெட் தெரியும், கோ தெரியும். இன்றைக்குச் சீக்கிரம் போகச் சொல்கிறார் போலும் என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டால் என்ன ஆகும்? மேலாளர் சொன்னது, "உங்களை வேலையிலிருந்து நீக்குகிறோம்" என்பது. கடைசி வேலை நாள் எது, பாக்கிச் சம்பளம் எப்போது வரும், பணிக்கொடை எவ்வளவு, இதையெல்லாம் எழுத்தில் தருவீர்களா என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு சொல்லும் தெரிந்திருந்தும் மொத்தப் பொருள் வேறாக இருப்பதைத்தான் மரபுத்தொடர் என்கிறோம். தமிழிலும் இது ஏராளம். "கம்பி நீட்டிவிட்டான்" என்பதை ஒரு வெள்ளைக்காரர் அகராதி வைத்துப் படித்தால் இரும்புக் கடையைத்தான் தேடுவார்.

வேலையிடத்தில் அடிக்கடி காதில் விழுபவை சில. "கால் இட் எ டே" என்றால் இன்றைய வேலையை இத்தோடு முடிப்போம் என்பது. "ஐ வில் ஸ்லீப் ஆன் இட்" என்றால் ஓர் இரவு யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்பது. தூங்கிவிடுவேன் என்ற அலட்சியம் அதில் இல்லை. "அண்டர் தி வெதர்" என்றால் உடம்பு சரியில்லை. "தி பால் இஸ் இன் யுவர் கோர்ட்" என்று கடிதம் வந்தால், கோர்ட் என்ற சொல்லைப் பார்த்து வழக்கு என்று வீட்டார் பதற வேண்டாம். அது டென்னிஸ் ஆடுகளம். பந்து உங்கள் பக்கம் வந்துவிட்டது, இனி முடிவு உங்களுடையது, பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்று பொருள். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தால்தான் ஆபத்து.

தமிழைப் போலவே தோன்றும் தொடர்களில் கூடுதல் கவனம் வேண்டும். "ஆர் யூ புல்லிங் மை லெக்?" என்று ஒருவர் கேட்டால், காலை வாரிவிட்டதாக நம்மைக் குற்றம் சாட்டவில்லை. விளையாட்டுக்குத்தானே சொல்கிறீர்கள் என்று சிரித்தபடி கேட்கிறார். "கோல்ட் ஃபீட்" என்பது நோயல்ல. கடைசி நேரத்தில் வரும் பயம். "வாஷ் மை ஹேண்ட்ஸ்" மட்டும் நம் கைகழுவிவிடுதலேதான். நிலக்கரிக்குப் பேர்போன நியூகாசிலுக்கே நிலக்கரி கொண்டுபோவதாக அவர்கள் சொல்வதை, திருநெல்வேலிக்கே அல்வாவா என்று நாம் கேட்டுவிடலாம்.

நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதும் உண்டு. ஒரு விஷயத்தை "டேபிள்" செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டாரும் கூடிய கூட்டத்தில் இந்த ஒரு சொல்லால் நீண்ட வாக்குவாதம் நடந்ததைச் சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் "ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்கிறார்கள். இங்கே அது படிப்பை முடித்தது. கேட்பவர் ஆங்கிலேயராகவோ அமெரிக்கராகவோ இருந்தால் 2019இல் மயங்கி விழுந்ததாகத்தான் அவருக்குக் கேட்கும். "ஐ கிராஜுவேட்டட்" என்பதே பாதுகாப்பு.

மழை பெய்தால் நாயும் பூனையும் விழும் அந்தத் தொடரைப் பாடப்புத்தகம் விடாமல் சொல்லித் தருகிறது. அன்றாடப் பேச்சில் அதைக் கேட்பது அபூர்வம். மரபுத்தொடரைப் பிறர் சொன்னால் புரிந்துகொள்ளப் பழகினால் போதும், நாமே தேடித்தேடிப் பயன்படுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. புரியாதபோது "வாட் டு யூ மீன் பை தட்?" என்று கேட்பதில் வெட்கமும் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: "பைட் யுவர் டங்", "பர்ன் தி மிட்நைட் ஆயில்" இரண்டுக்கும் பொருள் எழுதிப் பாருங்கள். இரண்டாவதில் வரும் எண்ணெய் சமையலுக்கானதல்ல. மின்சாரம் வருமுன் இரவில் எதை வைத்துப் படித்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.