ஹாஸ்டலா, ஃபிளாட்டா?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள பாப்பா,

நீ 5.0 வாங்கினதை உன் அப்பா போனில் சொன்னான். பத்துக்கு ஐந்து, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஜெர்மனியில் 1.0தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 என்றால் ஃபெயில் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. கவலைப்படாதே. ஆனால் அங்கே ஒரு பரீட்சையைப் பெரும்பாலும் மூன்று தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்களாமே?

படிப்பு ஏறாத பெண்ணா நீ! வாயைத் திறந்து கேட்காததுதான் கோளாறு. பேராசிரியர்கள் சந்தேகம் கேட்பதற்கென்றே வாராவாரம் நேரம் ஒதுக்குகிறார்கள் என்றாய். ஒரு தடவையாவது போனாயா? நம் காலேஜில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அடக்கமான பெண் என்பார்கள். அங்கே, இவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று விட்டுவிடுவார்கள்.

1914-ல் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன், குளிர் தாங்காமல் ஓவர்கோட்டோடு தூங்கினாராம். கம்பளிகளின் ஓரங்களை மெத்தைக்கடியில் செருகி வைத்திருந்தார்கள். அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்கவுமில்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ் ஒருநாள் அறைக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்து, செய்து காட்டினார். அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டியோடு கணக்கு பேசலாம், கம்பளி பற்றி யாரிடம் பேசுவது? அவ்வளவு பெரிய மூளைக்கே அந்தக் கதி.

உன் அப்பாவையே எடுத்துக்கொள். கல்யாணத்துக்கு முன்னால் என் வீட்டிலிருந்துதானே வேலைக்குப் போனான்? அல்சூரில் தமிழ் போதும், கன்னடம் எதற்கு என்றான். கூட இருந்தவர்களெல்லாம் சூப்பர்வைசரானார்கள். இவன் ஊரே சரியில்லை என்று ராணிப்பேட்டைக்குத் திரும்பினான், இன்னும் பெங்களூரைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறான். நான் காய்கறிக்காரியிடம் தப்பும் தவறுமாகப் பேசித்தான் கன்னடம் கற்றேன். சிரித்தாள், சிரித்துக்கொண்டே திருத்தினாள்.

என் வீட்டிலிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன் போய் இந்திராநகர் மாக்ஸ்முல்லர் பவனில் நீ படித்த ஜெர்மன் என்ன ஆயிற்று? தமிழ்ப் பெண்கள் நாலு பேரும் ஒரே ஃபிளாட்டில் அடைந்துகொண்டு தமிழ்ப் படம் பார்த்தால் அது எங்கே வளரும்? கிளாஸில் பேசப் பயம் வராமல் என்ன செய்யும்?

முடிவு உன்னுடையது, நான் தலையிட மாட்டேன். ஃபிளாட்டிலேயே இருந்தால் ரசம் கிடைக்கும். ஹாஸ்டலுக்குப் போனால் பக்கத்து ரூம்காரியோடு பேசியே ஆக வேண்டும், பாடமும் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம். நிதானமாக யோசி. ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி என்று நீதான் சொன்னாய்.

திட்டுகிறேன் என்று நினைக்காதே, தங்கம். பாஸானாலும் ஆகாவிட்டாலும் நீ எங்கள் வீட்டுச் செல்லம்தான். குடும்பத்தில் முதல்முதலாக விமானம் ஏறினவள், தனியாக அந்தக் குளிரில் சமாளிப்பதே பெரிசு. எதுவும் சரிவரவில்லை என்றால் கிளம்பி வந்துவிடு, யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். நேரத்துக்குச் சாப்பிடு. பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் தயாராக இருக்கின்றன. ஹாஸ்டல் அட்ரஸை அனுப்பு, பார்சல் போடுகிறேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
அத்தை