பேரும் தேதியும்

டெல்லியில் ஜங்புரா என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் ஓரமாக ஒரு பெரிய கழிவுநீர்க் கால்வாய் ஓடுகிறது. அதன் பேர் பாராபுல்லா நாலா. அந்தக் கால்வாய்க் கரையில்தான் மதராசி கேம்ப் இருந்தது.

தெற்கே இருந்து யார் போனாலும் டெல்லிக்காரர்களுக்கு அவர் 'மதராசி'தான். 1969 வரை தமிழ்நாட்டுக்கு மதராஸ் மாநிலம் என்று பேர். பிறகு பேர் மாறியது. ஆனால் டெல்லிக்காரர் வாயில் பழைய பேரே நின்றுவிட்டது.

பிழைப்பு தேடி ரயில் ஏறியவர்கள் இங்கே வந்தார்கள். இந்தி தெரியாது. வாடகைக்கு வீடு கேட்கத் தெரியாது. கேட்டாலும் கொடுப்பார் இல்லை. முன்னால் வந்த சொந்தக்காரர் எங்கே இருக்கிறாரோ, அவருக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்கள். முதலில் தார்ப்பாய், பிறகு தகரம், பிறகு செங்கல் சுவர். இப்படி ஐம்பது ஆண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள்.

சிலோனுக்கும் மலேயாவுக்கும் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களுக்கு முதலாளி கட்டிய லயம் இருந்தது. வேலை போனால் லயமும் போகும். டெல்லிக்கு வந்தவர்களுக்கு அந்த லயம்கூட இல்லை. தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். சுவர் அவர்களுடையது. நிலம் அவர்களுடையது அல்ல.

ஜங்புரா, போகல், நிஜாமுதீன் பக்கத்து வீடுகளில் பெண்கள் பாத்திரம் துலக்கினார்கள், சமைத்தார்கள். ஆண்கள் வண்டி ஓட்டினார்கள், கூலி வேலை செய்தார்கள். நடந்து போகிற தூரத்தில் வேலை இருந்தது. பக்கத்தில் லோதி எஸ்டேட்டில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. பிள்ளைகள் அங்கே தமிழ் படித்தார்கள்.

மழைக்காலத்தில் கால்வாய் அடைத்துக்கொண்டு சுற்றிலும் வெள்ளம் நின்றது. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கரையில் உள்ள வீடுகளை அகற்ற வேண்டும் என்று 2025 மே 9 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. ஜூன் 1 அன்று புல்டோசர் வந்தது.

மொத்தம் 370 வீடுகள். ஆணை வந்தபோது 189 குடும்பங்களுக்கு மட்டும் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று முடிவாகியிருந்தது. 370-இல் 189 போனால் மீதி எத்தனை? 181. ஒரே தெரு, ஒரே குழாயடி. ஒரு வீட்டுக்குச் சாவி கிடைத்தது. அடுத்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

ஏன் இப்படி?

டெல்லி அரசு 2015-இல் ஒரு கொள்கை வகுத்தது. குடிசைப் பகுதி 2006 ஜனவரி 1-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அங்கே உள்ள வீடு 2015 ஜனவரி 1-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். குடியிருப்பவர் பேர் 2012 முதல் 2015 வரை உள்ள வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது இருக்க வேண்டும். கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். அத்துடன் 2015-க்கு முன்னால் கொடுத்த வேறொரு காகிதமும் வேண்டும். படம் ஒட்டிய ரேஷன் கார்டு, மின்சார பில், அரசு வங்கிப் பாஸ் புத்தகம், டிரைவிங் லைசென்ஸ், சாதிச் சான்று, அரசுப் பள்ளி கொடுத்த பிள்ளையின் அடையாள அட்டை போன்றவற்றில் ஒன்று இருந்தால் போதும்.

இப்போது ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டாக அந்தக் கரையில் இருக்கிறார். ஆனால் ஓட்டு சொந்த ஊரில். "ஊரில் ஒரு ஓட்டு இருக்கட்டும், நாளைக்குத் திரும்பிப் போவோம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். அவரும் விட்டுவிட்டார். டெல்லிப் பட்டியலில் 2018-இல்தான் பேர் சேர்த்தார். முப்பது ஆண்டு வாழ்ந்தது கணக்கில் வராது. 2018 என்ற தேதிதான் கணக்கில் வரும். இது நியாயமா என்று கேட்டால் நியாயம் இல்லைதான். ஆனால் அதிகாரி பார்ப்பது காகிதத்தை.

தேதி சரியாக இருந்தாலும் பேரில் சிக்கல் வரும். தமிழர்களுக்கு இது பெரிய தொல்லை. நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பேர் கிடையாது. டெல்லி அலுவலகத்தில் குடும்பப் பேர் கேட்பார்கள். ர. செல்வி என்பவர் ஒரு காகிதத்தில் 'செல்வி ஆர்' ஆவார். இன்னொன்றில் கணவர் பேரையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். இந்தியில் எழுதும்போது 'சல்வி' ஆகிவிடும். ஒன்றில் வயது 38, இன்னொன்றில் 42. மூன்று காகிதம், மூன்று ஆள்! எல்லாம் ஒரே செல்விதான் என்று அவரே நிரூபிக்க வேண்டும்.

அதனால் புதுக் காகிதம் எது கைக்கு வந்தாலும் முதலில் உங்கள் பேரைப் படியுங்கள். இந்தி படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அப்பா அல்லது கணவர் பேர், வீட்டு எண், தேதி. தப்பு இருந்தால் அப்போதே சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் பேரைத் திருத்தவும் முகவரியை மாற்றவும் படிவம் 8 இருக்கிறது. புதிதாகப் பேர் சேர்க்கப் படிவம் 6. காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். கால்வாய்க் கரையில் வெள்ளம் வந்தால் முதலில் நனைவது பெட்டிதான். கணக்கெடுக்க ஆள் வரும் நாளில் வீட்டில் ஒருவராவது இருங்கள். தகுதி இல்லை என்று சொன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள். மேல்முறையீடு செய்ய வழி உண்டு. எழுத்தில் இருந்தால்தான் எதை எதிர்த்து முறையிடுகிறோம் என்று தெரியும்.

நரேலா

சாவி கிடைத்தவர்களுக்கு வீடு நரேலாவில். அது டெல்லியின் வடக்கு ஓரம். ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மாடி வீடு, தனிக் கழிப்பறை. நல்லதுதான். அந்த வீடும் சும்மா இல்லை. 2015 கொள்கைப்படி குடும்பத்தின் பங்கு 1,12,000 ரூபாய். ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்கு 30,000 ரூபாய். கூட்டினால் 1,42,000.

பணத்தைவிடப் பெரிய கணக்கு நேரக் கணக்கு. காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் ஒரு வீட்டில் வேலை என்றால், நரேலாவில் விடியும் முன்பே பஸ் ஏற வேண்டும். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. டெல்லி அரசுப் பஸ்ஸில் பெண்களுக்கு 2019 அக்டோபரில் இலவசப் பயணம் வந்தது. காசு மிச்சம். ஆனால் நான்கு மணி நேரத்தை யார் திருப்பித் தருவார்? முன்பு மூன்று வீட்டில் வேலை செய்தவர் ஒரு வீட்டை விட வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கும் இதே கதை. தமிழ்ப் பள்ளி நரேலாவில் இல்லை.

வாடகை அறை

சாவி கிடைக்காதவர்களுக்கு இருக்கும் வழி வாடகை அறை. அங்கே மகான் மாலிக், அதாவது வீட்டுக்காரர், முதலில் கேட்பது "கித்னே லோக்?" எத்தனை பேர் என்று அர்த்தம். உண்மையைச் சொல்லுங்கள். நான்கு பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேர் வந்தால் அடுத்த மாதமே சண்டை.

"ஏன்க்கா, ரசீது கேட்டா வீட்டுக்காரர் கோவிச்சுக்குவாரா?"

"கோவிச்சுக்கிட்டா என்ன? மாசாமாசம் காசு குடுக்கறது நீதானே. கேளு. குடுக்கலேன்னா நோட்டுல எழுதி அவருகிட்ட கையெழுத்து வாங்கு."

"அவரு இந்தியில எழுதுவாரே?"

"எழுதட்டும். எண்ணு உனக்குத் தெரியுமில்ல? அதைப் பாரு."

டெல்லியில் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம் போடுவார்கள். ஓர் ஆண்டுக்கு மேல் போனால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 11 மாதம். ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் எவ்வளவு, அதை எப்போது திருப்பித் தருவார், காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒரு பிரதியை வாங்கி வையுங்கள். முகவரிச் சான்றுக்கும் அது உதவும். உங்கள் விவரத்தைப் போலீசில் பதிவு செய்ய வீட்டுக்காரர் ஆதார் நகல் கேட்பார். கொடுங்கள். அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

ஏமாற்று நடப்பது பெரும்பாலும் மின்சாரத்தில். அறைக்குத் தனியாகச் சின்ன மீட்டர் வைத்திருப்பார்கள். குடிபுகும் அன்றே அதில் உள்ள எண்ணை எழுதி வையுங்கள். 1240 என்று இருந்தது. மாதக் கடைசியில் 1312. கழித்தால் 72 யூனிட். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று பேசியிருந்தால் 648 ரூபாய். அவர் 1,000 கேட்டால் உங்கள் நோட்டைக் காட்டுங்கள்.

ரேஷன் கார்டு பற்றிக் கவலை வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள கார்டு என்றால் நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் கைரேகை வைத்து அரிசி, கோதுமை வாங்கலாம். டெல்லியில் இது 2021-இல் வந்தது. பிள்ளையின் மாற்றுச் சான்றிதழை மட்டும் பழைய பள்ளியில் மறக்காமல் வாங்கிவிடுங்கள்.

பயிற்சி

இந்த ரசீதைப் படியுங்கள்.

தேதி: 5.2.2026
அறை எண் 4, இரண்டாம் மாடி
ஜனவரி மாத வாடகை: ரூ. 5,500
மின்சாரம், 72 யூனிட்: ரூ. 648
தண்ணீர்: ரூ. 200
மொத்தம்: ரூ. 6,348

1. மொத்தம் சரியா? கூட்டிப் பாருங்கள்.
2. பணம் கொடுத்தவர் யார் என்று இதில் தெரிகிறதா?
3. வாங்கியவர் கையெழுத்து எங்கே?
4. உங்கள் வீட்டில் உள்ள மூன்று காகிதங்களை எடுங்கள். மூன்றிலும் உங்கள் பேர் ஒரே மாதிரி இருக்கிறதா?