போகிப் புகையும் செயற்கைக்கோள் கணக்கும்

போகி அன்னிக்குக் காலை 9 மணிக்கு பட்டாபிராம் ஸ்டேஷன்ல நின்னிருக்கீங்களா? மேகம் இல்லாட்டியும் வெயில் மங்கலா இருக்கும்.

36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் இன்சாட்-3டிஆர் தரைக்கு வரும் வெயிலை நேரா அளப்பதில்லை. திரும்பிப் போகும் ஒளியை வைத்துத்தான் கணிக்கிறோம். மேகம் பளிச்னு வெள்ளையாத் தெரியும், கழிச்சிடலாம். டயர் கரியோ ஒளியை விழுங்கிடும். மேலிருந்து கிட்டத்தட்ட தெளிந்த வானம் மாதிரிதான். கணக்கில் ஜனவரி சராசரித் தூசியைப் போட்டால் விடை நிஜத்தைவிட அதிகமா வரும்.

புகை எவ்வளவு தின்னும்? ஒளியியல் தடிமன் 0.5னு வைங்க. 9 மணிக்குச் சூரியன் 30 டிகிரி உயரம்தான், பாதை இரட்டிப்பு. பியர்-லாம்பர்ட் விதிப்படி நேர்க்கதிரில் 37% தான் தப்பும். சிதறியதில் ஒரு பங்கு தரைக்கு வந்துடும், அதனால பேனலுக்கு அடி கொஞ்சம் குறைவு.

ப்ராஜெக்டுக்குப் பேட்டரி அளவு போடுறதுக்கு முன்னாடி, எடுத்த தரவில் தூசி தினசரியா, மாதச் சராசரியான்னு பாருங்க.